கோஸ் மிஞ்சாத இலை

கல்யாண மண்டபத்தின் பின்வாசலில், இலை கொட்டும் நீல டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு, வேப்பங்குச்சியால் எச்சில் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் இருதயசெல்வி. மடித்த இலையின் ஓரத்தில் குச்சியை நுழைத்து ஒரு தட்டு, இலை திறக்கிறது. ஒரு பார்வை. மறுபடியும் ஒரு தட்டு, மூடிக்கொள்கிறது. உள்ளே மேடையில் குடும்பம் குடும்பமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்பளம் துன்னுட்டான். வடை துன்னுட்டான். கேசரிய வழிச்சி நக்கியிருக்கான். கோஸை மட்டும் பாரு, புள்ளைய தொட்டில்ல போட்டாப்புல அப்படியே மடிச்சி வெச்சிட்டுப் போயிருக்கான்."

நூறு இலை பார்ப்பார். அதில் எழுபதில் முட்டைக்கோஸ் பொரியல் இருக்கும். எழுபது என்ற எண்ணைத் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு, குச்சியைச் சுவரோரம் சாத்திவிட்டு, கையைச் சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவுவார். பாத்திரம் தேய்க்கிற பெண்கள் முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அவர்களே முக்காலியை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். வயது நாற்பத்தேழு. தெருவில் எல்லோருக்கும் செல்வி அக்கா. சின்னதுரை மாஸ்டரின் சமையல் குழுவில் பதினோரு வருஷமாகக் காய் நறுக்குகிறார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிற மண்டபங்களில் அவர் அரிவாள்மனை போட்டு உட்காராத மண்டபம் குறைவு. வேலையெல்லாம் முடிந்து சமையல்காரர்கள் வரிசையாகச் சாப்பிட உட்காரும்போது தலை இலை மாஸ்டருடையது. செல்வி அக்காவின் இலை கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.

காலையில் யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "வயிறு போச்சா?" பால்காரரிடமும் இதையே கேட்பார், மாதா கோயிலுக்கு வருகிற புதுச் சாமியாரிடமும் இதையே கேட்பார். கையைப் பிடித்துப் பார்ப்பதும் உண்டு. கை சில்லென்று, தோல் வறண்டு இருந்தால் "நீ காத்து உடம்பு." கை சுட்டு, முன்மண்டையில் முடி கொட்டியிருந்தால் "நெருப்பு உடம்பு." உள்ளங்கை ஈரமாக, மெத்தென்று இருந்தால் "தண்ணி உடம்பு." உலகத்து மனிதர்கள் எல்லோரும் அவருக்கு இந்த மூன்றுக்குள் அடக்கம். என்னைக் காற்று என்று சொல்லிவிட்டு, "அதான் பேசவே மாட்டேன்ற. எல்லாம் உள்ளயே சுத்திக்கினு கெடக்குது" என்றார்.

இதெல்லாம் குயிலாப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆயுர்வேத சிகிச்சை இல்லத்தின் சமையல்கட்டில் கற்றது. அவருடைய பிறந்த வீடு வானூர்ப் பக்கம். புருஷனுக்குத் திண்டிவனத்தில் வேலை கிடைக்கும் வரை ஆறு வருஷம் அங்கே சமைத்தார். வைத்தியர் மலையாளத்துக்காரர். அவர் பேசியதில் பாதி புரியவில்லை. அவர் சமைத்துக் காட்டியதைப் பார்த்து மீதியைப் புரிந்துகொண்டதாகச் செல்வி அக்கா சொல்வார். முட்டைக்கோஸைத்தான் வைத்தியர் அதிகம் திட்டினாராம். குளிர்ச்சி, வறட்சி, வயிற்றில் போய்க் காற்றைக் கிளப்புகிற காய். திட்டிய கையோடு அதைச் சரிசெய்யவும் காட்டிக்கொடுத்தாராம்.

"அது சண்டைக்கார காயி. பச்சையா துன்னா சண்டை. ஆறிப்போய்த் துன்னா சண்டை. பொழுது போனப்புறம் துன்னா சண்டை. எண்ணெய்யும் இஞ்சியும் பெருங்காயமும் காட்டி, சுடச்சுட, உச்சி வெயில்ல துன்னு பாரு. பொட்டிப் பாம்பு."

அவர் முட்டைக்கோஸ் சாப்பிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மணி பன்னிரண்டுக்கு முன்னால் தொடமாட்டார். சூரியன் உச்சிக்கு வந்தால்தான் வயிற்றில் அடுப்பு எரியும் என்பது அவர் கணக்கு. முதலில் கல்லுப்பு தொட்ட இஞ்சித் துண்டு ஒன்று. பிறகு சோறு, பருப்பு, நெய். அதற்கும் பிறகு, அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு ஒரு கைப்பிடி கோஸ். மெல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். பேசினால் பதில் வராது. அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு சும்மா. தயிர் ஊற்றும்போது கோஸ் இலையில் இருக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோஸ் வீட்டுக்குள்ளேயே வராது. குயிலாப்பாளையத்தில் ஒரு முறை, பூவையெல்லாம் போட்டு அலங்கரித்த சாப்பாட்டுக் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கோஸைப் பச்சையாக நறுக்கிக் கிண்ணம் நிறையச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறார். பதினைந்து வருஷம் ஆகியும் அந்தப் பெண்ணுக்காக இன்னும் வருத்தப்படுகிறார். "யாரு பெத்த புள்ளையோ."

இவ்வளவு தெரிந்தவர், பதினோரு வருஷமாக மண்டபம் மண்டபமாகப் பார்த்தது வேறொரு கோஸை. சின்னதுரையின் குழுவில் அதற்கு ஒரு வழக்கம். முதல் நாள் சாயந்திரமே பொடியாக நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு ஈரச்சாக்கால் மூடிவிடுவார்கள். விடிந்ததும் முதல் வேலையாக அதை வதக்கி அண்டாவில் கொட்டி மூடிவிடுவார்கள். பந்திக்கு ஆள் உட்காரும் முன்பே இலையில் வைத்துவிடுவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வாய்க்குப் போகும்போது அதில் காயாத துணியின் வாசனை இருக்கும்.

"அது அப்படித்தாம்மா," என்பார் சின்னதுரை. ஐம்பத்தைந்து வயது, தலையில் எப்போதும் சிவப்புக் கரைத் துண்டு. "இலை நெறையணும், அதுக்குத்தான் கோஸு. துன்றதுக்கா வெக்கிறோம்?"

அடுப்புப் பக்கம் தன்னை விடச் சொல்லிச் செல்வி அக்கா கேட்டபோதெல்லாம் அவரிடம் ஒரே பதில். "அண்டாவத் தூக்க உன்னால முடியுமா?"

"நீங்க தூக்கி நான் பார்த்ததே இல்லியே, மாஸ்டரே. பச்சைமுத்து அண்ணன்தானே தூக்குறாரு."

சோறு வடிக்கிற பச்சைமுத்து இதைக் கேட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தாராம்.

போன வைகாசியில் ஒரே முகூர்த்தத்தில் சின்னதுரைக்கு இரண்டு கல்யாணம் வந்தது. விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று. குழுவில் இருந்த இரண்டாவது மாஸ்டர் வண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டோடு கிடந்தார். வேறு வழியில்லாமல் திண்டிவனத்தைச் செல்வி அக்காவிடம் கொடுத்தார். கொடுத்தபோது குழு மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஒரு கல்யாணம். பேரு கெடாம முடிச்சிட்டா, அப்புறம் நீயும் மாஸ்டரு. ஒரே ஒரு பேஜாரு வந்தாலும் அருவாமனைக்குப் போயிடணும். அடுப்புன்ற பேச்சே எடுக்கக்கூடாது. சரியா?"

"சரி."

"கோஸ எடுத்துட்டு பீன்ஸ் போட்டுக்கோ. நான் பார்ட்டிகிட்ட சொல்லிக்கிறேன்."

"கோஸே இருக்கட்டும். கோஸை ஒளிச்சி வெச்சிட்டு ஜெயிச்சா அது இன்னா ஜெயிப்பு."

அது என் கல்லூரித் தோழி கலைப்பிரியாவின் கல்யாணம். அவள் அப்பா முருகையன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பயிரிடுகிற விவசாயி. ஐந்நூறு இலை. நான் முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விட்டேன். சொந்தக்காரர்கள் கூட்டத்தில் என்ன பேசுவதென்று தெரியாதவர்களுக்குச் சமையல்கட்டு நல்ல இடம்.

காலை நாலரை மணி. குளித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு செல்வி அக்கா காய் வைத்திருந்த அறைக்கு வந்தார். அவர் வரட்டும் என்று காத்திருந்த ஜெசி, அவரோடு காய் நறுக்குகிற பெண், முகமெல்லாம் சிரிப்பாக ஈரச்சாக்கை விலக்கிக் காட்டினாள். முப்பது கிலோ கோஸ். பொடிப்பொடியாக நறுக்கி, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"நேத்து நீ ரிசப்ஷன் டிபன பார்த்துக்கினு இருந்தியா. நாங்களே எல்லாத்தையும் நறுக்கிட்டோம்க்கா. நீ மாஸ்டரான முத நாளு, விடியகாத்தால கஷ்டப்படக்கூடாதுன்னு. சொல்லாமலே செஞ்சோம்."

விடிந்த பிறகு நறுக்கினால் போதும் என்று அவர் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷப் பழக்கம் கையில் இருந்தது. அதற்கு மேல் பாசம் வேறு.

செல்வி அக்கா இரண்டு விரலில் கொஞ்சம் எடுத்து முகர்ந்தார். விரலைப் புடவையில் துடைத்தார். 

"உன் மனசு நல்லா இருக்குது ஜெசி. கோஸுதான் போயிட்டுது."

"நல்லா அலசிட்டு வதக்கினா யாருக்குத் தெரியும்?" என்றார் பச்சைமுத்து.

"வயித்துக்குத் தெரியும்."

ஜெசி அழத் தொடங்கினாள். "அழுதுக்கினு நிக்காத, தேங்காய துருவு," என்று சொல்லிவிட்டு, பச்சைமுத்துவின் மொபெட்டில் பின்னால் ஏறி மார்க்கெட்டுக்குப் போனார். முகூர்த்த நாள். மற்ற மண்டபத்துக்காரர்கள் முன்னமே வந்து அள்ளிப்போயிருந்தார்கள். ஐந்து கடை ஏறி இறங்கி இருபது கிலோ தேற்றிக்கொண்டு வந்தார்.

"பத்து கிலோ குறையுதே," என்றார் பச்சைமுத்து.

"ஒரு கைக்கு மேல எதுக்கு? வைத்தியர் சொன்ன அளவே அதான். நாமதான் இதுநாள் வரைக்கும் அள்ளிக் கொட்டிக்கினு இருந்தோம்."

ஊறிய முப்பது கிலோவும் வீணாகவில்லை. மண்டப வாட்ச்மேனின் இரண்டு மாடுகளுக்குப் போனது. மாட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். "அதுக்கு நாலு வயிறு. தாங்கும்."

புதுக் கோஸைப் பதினோரு மணி வரை யாரும் தொடக்கூடாது என்றுவிட்டார். டிபன், முகூர்த்தம், மேளம் எல்லாம் முடிந்தது. பிறகு நான்கு பெண்கள் உட்கார்ந்து நறுக்கினார்கள். பொடியாக வேண்டாம், விரல் அகலத்துக்கு நீளமாக. மூன்று பந்திக்கு மூன்று கூறு. ஒரு பந்திக்கு ஒரு கூறு, அப்போதைக்கப்போது. பெரிய இரும்புச் சட்டியில் மல்லாட்டை எண்ணெய் காய்ந்தது. கடுகு, சீரகம், ஒரு சிட்டிகை ஓமம், துருவிய இஞ்சி, கரைத்த பெருங்காயம், கறிவேப்பிலை. பச்சைமிளகாய்க்குப் பதில் இடித்த மிளகு. இறக்குகிற நேரத்தில்தான் உப்பைப் போட்டார். முன்னால் போட்டால் தண்ணீர் விட்டுவிடும். அந்த வாசனை சமையல்கட்டைத் தாண்டி டைனிங் ஹாலுக்குப் போவதைத் தலைகள் திரும்புவதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

முதல் பந்தி சம்பந்தி வீட்டுக்காரர்களுடையது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு, ஊறுகாய், கேசரி, கூட்டு, வறுவல், அப்பளம் எல்லாம் வந்துவிட்டன. இலையின் வலப்பக்க மூலை மட்டும் காலியாக இருந்தது. நூற்றெழுபது இலையிலும் அதே மூலை. பெண்ணின் தாய்மாமன் சீனுவாசன் அதைப் பார்த்துவிட்டார். மெலிந்த, உயரமான மனிதர். நடக்கும்போது முழங்கால் சத்தம் கேட்கும். நேரே சமையல்கட்டுக்குள் வந்தார்.

"யாரும்மா இங்க மாஸ்டரு?"

"நான்தாண்ணே."

"நீயா? மாப்பிள்ள வூட்டுக்காரங்க இலையில ஒரு மூலை மொட்டையா நிக்குது. எங்க மானத்த வாங்கறதுக்கே வந்தியா? அந்தப் பெரியவரு இலையவே உத்துப் பார்த்துக்கினு உக்காந்துக்கினு இருக்காரு."

"ரெண்டே நிமிஷம்ணே. சோறு விழட்டும், பருப்பு நெய்யி விழட்டும். அது மேல சூடா கோஸு வரும். இப்பவே வெச்சா சோறு வர்றதுக்குள்ள ஆறிப்பூடும்."

"ஊரு ஒலகத்துல எல்லாத்தையும் வெச்சிட்டுத்தானம்மா சோறு போடுவாங்க. கோஸுக்காக ஒரு சட்டமா? அத எவன் துன்றான்? நானே தொடமாட்டேன். துன்னா பொழுதுக்கும் வயிறு தவில் மாதிரி கெடக்கும்."

"தெரியுதுண்ணே. நீங்க காத்து உடம்பு. கையக் குடுங்க."

சண்டை பிடிக்க வந்த மனிதர், என்ன ஏதென்று புரியாமல் கையை நீட்டிவிட்டார். செல்வி அக்கா தொட்டுப் பார்த்தார். "ஐஸு மாதிரி இருக்குது. வயிறு தெனம் போவுதா?"

பச்சைமுத்து அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். சீனுவாசன் கையை உருவிக்கொண்டு, "பருப்பு ஊத்தச் சொல்லும்மா, ஜல்தி. இல்லாட்டி சின்னதுரைக்குப் போன் போடுவேன்," என்று கதவருகிலேயே நின்றார். போன் கையில் தயாராக இருந்தது. செல்வி அக்கா அரிவாள்மனைக்குத் திரும்ப ஒரு போன் போதும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஜெசி தேங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாதாவைக் கூப்பிட்டாள்.

செல்வி அக்கா அவசரப்படவில்லை. ஹாலை எட்டிப் பார்த்தார். சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. நெய்க் கரண்டி கடைசி இலையைத் தாண்டியது. பிறகு தேங்காய்த் துருவலைச் சட்டியில் தூவி ஒரே ஒரு புரட்டு புரட்டி, "எடு," என்றார். நான்கு பேர் நான்கு வரிசையில் ஓடினார்கள். அந்தக் காலி மூலைகளில் ஆவி பறக்கிற பச்சை ஒவ்வொன்றாக விழுந்தது. ஒரு கைப்பிடிதான். வேறு எந்தப் பதார்த்தத்தில் இருந்தும் ஆவி வரவில்லை. ஆகையால் எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போனது.

உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், மாப்பிள்ளையின் பெரியப்பா, இரண்டு வாய் சாப்பிட்டார். பரிமாறுகிறவனைப் பார்த்து விரலை ஆட்டினார். சீனுவாசன் பதறி ஓடினார்.

"இன்னா மாமா, எதுனா கொறையா?"

"அந்தக் கோஸ இன்னொரு வாட்டி கொண்டாரச் சொல்லு."

கல்யாணப் பந்தியில் ஒருவர் கோஸை மறுமுறை கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அவரோடு நிற்கவில்லை. பக்கத்து இலை, எதிர் இலை, பெண்கள் வரிசை. "கோஸு இருக்காப்பா?" "ஏய், கோஸு இங்க." பூவரசன் என்கிற பரிமாறுகிற பையன் வாளியோடு திரும்பி வந்து, "அக்கா, கோஸு கேட்கிறாங்கக்கா," என்றான், ஏதோ தப்பு நடந்துவிட்டது போல.

"ஒரு கைதான்னு சொல்லு. பாயசம் வருதுன்னு சொல்லு."

இரண்டாம் பந்தியில் சீனுவாசனே உட்கார்ந்தார். நான் எதிர் வரிசையில் இருந்தேன். கோஸ் விழுந்ததும் அக்கம்பக்கம் பார்த்தார். கொஞ்சம் தொட்டு வாயில் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துச் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று வயிற்றைத் தடவிக்கொண்டார். போனைக் காணோம்.

"இன்னாண்ணே, தவில் அடிக்குதா?"

"ஒரு ஏப்பந்தாம்மா வந்துது. அதோட சரி." சட்டியை எட்டிப் பார்த்தார். "அந்த ஓமம் எவ்ளோ போட்ட?"

மூன்றாம் பந்தி எழுந்ததும் முக்காலி பின்வாசலில் தயாராக இருந்தது. இந்த முறை பாத்திரக்காரப் பெண்கள், ஜெசி, பச்சைமுத்து என்று சுற்றிலும் ஒரு கூட்டம். செல்வி அக்கா குச்சியை எடுத்தார். ஒரு தட்டு, ஒரு பார்வை, ஒரு தட்டு. பத்து இலை. இருபது. கேசரி மிஞ்சியிருந்தது, கூட்டு மிஞ்சியிருந்தது. வலப்பக்க மூலை துடைத்தாற்போல் இருந்தது. ஐம்பதைத் தாண்டியதும் ஜெசி சத்தமாக எண்ணத் தொடங்கினாள். நூறு முடிந்தபோது கோஸோடு இருந்தவை இரண்டே இலைகள்.

"ஒண்ணு சின்னப்புள்ள இலை," என்றார் செல்வி அக்கா. "இது மாப்பிள்ளது. அவன் ஒண்ணுமே துன்னல, பாவம். பயந்துக்கினு இருக்கான்."

இரண்டரை மணிக்குச் சின்னதுரை விழுப்புரத்திலிருந்து வந்து சேர்ந்தார். முருகையனைப் பார்த்துவிட்டு, சீனுவாசனைப் பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். பின்வாசலை ஒட்டிச் சமையல்காரர்களுக்கு இலை போட்டிருந்தார்கள். அவர் தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையைப் பார்த்தார். பிறகு தலை இலையைத் தாண்டிப் போய் இரண்டாவது இலையில் உட்கார்ந்தார்.

குழாயடிக்குப் போகத் திரும்பிய செல்வி அக்காவைப் பச்சைமுத்து கையைப் பிடித்து நிறுத்தினார். "எங்க போற? ஒன் எடம் அங்க இருக்குது."

"இருங்க வர்றேன்." ஒரு கைப்பிடி கோஸை நறுக்காமல் எடுத்து வைத்திருந்தார். அதை நறுக்கி, சின்னச் சட்டியில் வதக்கினார். மாஸ்டர் நெருப்பு உடம்பு. மிளகைக் குறைத்து, தேங்காயைக் கூட்டினார். சோறும் பருப்பும் நெய்யும் விழுந்த பிறகு சின்னதுரையின் இலையில் அதை வைத்துவிட்டு, தலை இலையில் உட்கார்ந்தார். உப்பு தொட்ட இஞ்சித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் கோஸு துன்னு முப்பது வருஷம் ஆவுது," என்றார் சின்னதுரை.

செல்வி அக்கா மெல்லும்போது பதில் வராது என்று எல்லோருக்கும் தெரியும்.  மாஸ்டர் சாப்பிட்டார். மோர் குடித்தார். இலையைத் தன் பக்கமாக மடித்து, மேலே ஒரு அழுத்து அழுத்திவிட்டு, எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றினார்.

செல்வி அக்கா கண்ணைத் திறந்தார். சாப்பிடாத இடக்கையை நீட்டிச் சுவரோரம் இருந்த வேப்பங்குச்சியை எடுத்தார். சின்னதுரையின் இலை மடிப்புக்குள் அதை நுழைத்து ஒரு தட்டு தட்டினார்.